சின்னம்மாவின் குறியும் லட்டுப் பேணியும்

என் சின்னம்மாவுக்கு இடியப்பம் பிழிய வராது. பிழிந்தால் பாதி தட்டிலும் பாதி மேசையிலும் கிடக்கும். அதே கைதான், இருபத்தைந்து மீற்றர் தள்ளி நிற்கும் காகிதத்தில், ஒரு தேநீர்க் கோப்பையின் வாய்க்குள் அடங்கும்படி குண்டுக்குப் பக்கத்தில் குண்டாகச் சுடும். இதை மனோர் பார்க்கில் என் பள்ளித் தோழிகளிடம் சொன்னபோது ஒருத்தியும் நம்பவில்லை. எனக்கே ஒன்பது வயதில் நேரில் பார்த்த பிறகுதான் முழு நம்பிக்கை வந்தது.

சின்னம்மா அம்மாவின் தங்கை. மருந்துக் கடையொன்றில் மருந்து அளந்து கொடுக்கும் வேலை. எங்கள் வீட்டு மேலறையில் இருந்தார். நாங்கள் குடியேறிய இந்த வெள்ளைக்கார நாட்டில் கைத்துப்பாக்கிகளைப் பெரும்பாலும் தடைசெய்துவிட்டார்கள். ஆனால் தோட்டா இல்லாமல், வெடிமருந்தையும் ஈயக் குண்டையும் தனித்தனியாகக் கையால் அடைக்கிற அந்தக் காலத்து ரிவோல்வரைப் பொலிஸ் அனுமதியோடு கிளப்பில் வைத்துச் சுடலாம். கூட வேலை செய்த ஒருவர் வேடிக்கை காட்டக் கூட்டிப்போனாராம். வேடிக்கை பார்க்கப் போனவர் அங்கத்தவராகித் திரும்பினார்.

அம்மாவுக்குத் துவக்கு என்ற சொல்லே ஆகாது. கூடத்தில் மாமாவின் படம் மாலையோடு தொங்கியது. அவர் அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் நடுவில் பிறந்தவர். ஊரில் சுட்டுவிட்டார்கள் என்பதற்கு மேல் எனக்கு யாரும் எதுவும் சொன்னதில்லை. ஆகவே ரிவோல்வர் கிளப்பின் இரும்பு அலுமாரியிலேயே தங்கியது. வீட்டுக்கு வந்ததெல்லாம் சின்னம்மாவின் உடுப்பில் ஒட்டிய கந்தக மணம்தான். அதற்கும் அம்மா மாரிக் குளிரென்றும் பாராமல் யன்னலைத் திறந்துவைப்பார்.

அந்த வருஷத் தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை கிளப்பின் ஆண்டுப் போட்டி. அதற்குக் கிழமைக்கணக்கில் முன்பே வீட்டில் பெரிய சண்டை வந்துவிட்டது.

“உலகத்தில உனக்கு வேற விளையாட்டே கிடைக்கேல்லையே?” என்றார் அம்மா.

“முதல் மூண்டு பேருக்குள்ள வராட்டி விட்டிடுறன் அக்கா. பிறகு அந்தப் பக்கமே போகமாட்டன்.”

அம்மா சரி என்று தலையாட்டினார். சின்னம்மா அதற்குப் பிறகு நடக்கும்போதும் வலது கையை நீட்டி, இல்லாத ரிவோல்வரைப் பிடித்துப் பழகினார். அந்தப் பந்தயத்தில் தோற்றால் அவரிடமிருந்து என்ன போய்விடும் என்று எனக்கும் தெரிந்திருந்தது.

சின்னம்மாவிடம் ஒரு கள்ளத்தனமும் இருந்தது. வெடிமருந்தை அவர் கொஞ்சமாகத்தான் போடுவார். “சத்தம் வேணுமெண்டா கூடப் போடலாம். குறி வேணுமெண்டா குறைக்கவேணும்,” என்பார். மருந்து குறைந்தால், ரிவோல்வரின் உருளையில் அதை அடைக்கும் குழியில் இடம் மிஞ்சும். அந்த இடத்தை உப்புமா ரவையால் நிரப்பி அதன் மேல் குண்டை அழுத்தினால், குண்டு வாயருகில் இருந்து நேராகப் போகும். வெள்ளைக்காரர்களும் இதற்கு ரவைதான் போடுகிறார்கள். ஆனால் எங்கள் வீட்டு ரவையைப் போல ஒரே அளவாக, பொலபொலவென்று விழுகிற ரவை எங்கும் இல்லை என்பது சின்னம்மாவின் கட்சி. அதை அம்மாவுக்குத் தெரியாமல் பழைய பால்மாத் தகரப் பேணியிலிருந்து எடுப்பார். எங்கள் சமையலறையில் எந்தப் பேணியிலும் அதன் மேல் எழுதியிருப்பது இருக்காது.

போட்டியன்று நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். அம்மா என் காதில் பஞ்சு அடைத்து, அதற்கு மேல் கம்பளித் தொப்பியும் மாட்டினார். அவர் எனக்குத் தலை பின்னிய நேரம் பார்த்துச் சின்னம்மா சமையலறைக்குள் போய் வந்தார். அவருக்குத் தடிமன் பிடித்து மூக்கு முழுக்க அடைத்திருந்தது. புறப்படும்போது அம்மா ஒரு பிளாஸ்க் சுடுதண்ணீரை அவர் முகத்தைப் பாராமலே நீட்டினார்.

சுடும் இடம் ரொம்போர்ட்டுக்கும் அப்பால் இருந்தது. சின்னம்மா நிமிர்ந்து நின்று, ஒரு கையை நீட்டி, பெருவிரலால் ரிவோல்வரின் பின்புறமுள்ள குதிரை என்னும் சுத்தியலை இழுத்துவைத்தார். இந்த வகைத் துவக்கில் ஒவ்வொரு குண்டுக்கும் அதை இழுத்துவைத்தாக வேண்டும். அவசரக்காரருக்கு அது சரிவராது. மூச்சை விட்டு, நிறுத்தி, விசையைத் தொட்டார். வெள்ளைப் புகை எழுந்து கலைந்தது. கறுப்பு வட்டத்தின் நடுவில் ஒரு ஓட்டை. எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. தட்டக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரத் தாத்தா மூக்கை உறிஞ்சி, யாரோ பலகாரம் செய்வதுபோல மணக்கிறதே என்று ஆங்கிலத்தில் கேட்டார். மணந்தது. புகைக்குள் ஏலக்காய் மணந்தது! அந்தப் பால்மாப் பேணியில் அம்மா தீபாவளி லட்டுக்குச் சீனியும் ஏலக்காயும் கலந்து வைத்திருந்த ரவையைத்தான் சின்னம்மா அள்ளி வந்திருந்தார். சீனி சூட்டில் உருகிப் பாகாகி, ரிவோல்வரின் உருளையை இறுக்கிப் பிடித்துவிட்டது. அதைக் கையால் திருப்பித் திருப்பி மிச்சத்தைச் சுட்டார். குண்டுகள் வட்டத்தின் ஓரத்துக்குப் போயின. எனக்கு அழுகை வந்தது.

சின்னம்மா அழவில்லை. நேரம் ஓடிக்கொண்டிருக்க, வெறுமையான உருளையைக் கழற்றி, அம்மாவின் பிளாஸ்க்கைத் திறந்து சுடுதண்ணீரால் கழுவினார். பாகு கரைந்தோடியது. பொறுமையாகத் துடைத்துக் காயவைத்தார். தாத்தா கடையில் வாங்கிய தன் பக்கெற் ரவையைக் கொடுத்தார். “கட்டி கட்டியா இருக்கு,” என்று சின்னம்மா எனக்கு மட்டும் தமிழில் முணுமுணுத்துவிட்டு, அதையே நிரப்பினார். பிறகு சுட்டதில் ஒன்றுகூட நடுவை விட்டு விலகவில்லை. தாத்தா தன் முறையை மறந்து அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்படி ஒரு அமைதியான கையை நான் இன்றுவரை வேறெவரிடமும் கண்டதில்லை.

ஆனாலும் நாலாமிடம்தான். ஒரு புள்ளியால் போயிற்று.

ரயிலில் அவர் வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டபடியே வந்தார். வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், “விட்டிடுறன் அக்கா. சொன்னது சொன்னதுதான்,” என்றார். நான்தான் பொறுக்கமாட்டாமல் லட்டு ரவைக் கதையை உளறிக் கொட்டினேன்.

அம்மாவுக்கு வந்ததே கோபம்! விடுவிடென்று சமையலறைக்குப் போய், ஒரு கண்ணாடிப் போத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதற்குள் பொன்னிறத்தில் ரவை இருந்தது.

“உனக்கெண்டு வறுத்து, மூண்டு தரம் கட்டியில்லாம அரிச்சு, கண்ணுக்கு முன்னால வைச்சனான். கண் தெரியாதவள் எப்பிடியடி குறி பாக்கிறது?”

“உங்களுக்குத் தெரியுமே அக்கா?” என்றார் சின்னம்மா.

“இத்தனை நாளும் பேணியில இருந்தது தானா அரிபட்டதெண்டு நினைச்சியே? அடுத்த வருஷம் கேட்டு எடு.”

சின்னம்மா மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதார். அம்மா அவருடைய கரி படிந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தார். துடைக்கும்போது இருவரும் மாமாவின் படத்தை ஒருதரம் பார்த்தார்கள். அடுத்த வருஷமும் போகலாம் என்று சொன்ன பிறகும் ஏன் அழுகிறார்கள், அதுவும் ஒரு போத்தல் ரவையைப் பார்த்து, என்று நான் குழம்பிப்போனேன். கிட்டப் போய்க் கேட்க ஏனோ பயமாக இருந்தது. சமையலறைக்குப் போய்ப் பால்மாப் பேணியைத் திறந்து, லட்டுக்கு எவ்வளவு மிச்சம் என்று பார்த்தேன்.