மூடிக் கிடக்கும் மதகு

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஒன்பது பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன்; மலேரியாக் காய்ச்சலுக்கு ஒன்றையும் கொடுக்கவில்லை.

கல்முனையிலிருந்து மகள் வீட்டுக்குப் போகும் பஸ், வயல்வெளி நடுவே டயரில் காற்றுப் போய் நிற்கிறது. உச்சி வெயில். நெல் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது. வெட்ட ஒருவரும் இல்லை. ரோட்டோர வீடுகளின் கதவுகள் திறந்தே கிடக்கின்றன. உள்ளே பட்டப்பகலில் நுளம்பு வலைகள் வெள்ளையாகத் தொங்குகின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் யாரோ முனகுகிறார்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கி வாய்க்கால் கரைக்குப் போகிறேன். அறுவடைக்காகத் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். அடியில் தேங்கிய குட்டைகளிலும் மாட்டுக் குளம்படிகளிலும் தண்ணீர் தெளிந்து கிடக்கிறது. குனிந்து பார்த்தால் உள்ளே நுளம்புப் புழுக்கள் நெளிகின்றன.

மதகடியில் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை தனியே குந்தியிருக்கிறார்.

"மகன், கொஞ்சம் திறந்து விடுங்க. இந்தக் குட்டையெல்லாம் அடிச்சிட்டுப் போகும்."

"கதிர் முத்திட்டு உம்மா. வயலுக்குள்ள தண்ணி போனா நெல்லெல்லாம் அழுகிரும். வயல் சொந்தக்காரப் போடிமார் என்னைத் தின்னிருவாங்க."

"வெட்டுறதுக்கு ஆள் எங்க?"

"எல்லாரும் வலைக்குள்ள புதுமாப்பிள்ளை மாதிரிப் படுத்திருக்காங்க. நாளைக்கு எழும்பிருவாங்க."

சிரிக்கும்போது அவருடைய பற்கள் கிடுகிடுவென்று அடிக்கின்றன. அந்த வெயிலிலும் கம்பளி போர்த்தியிருக்கிறார்.

"நாளைக்கு உங்களையும் வலைக்குள்ளதான் தேடணும்" என்கிறேன்.

அவர் மதகின் கைப்பிடியைப் பிடிக்கிறார். பஸ் ஹோர்ன் அடிக்கிறது, ஏறிக்கொள்கிறேன்.

பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை ஒருக்கா வாசி. அவர் மதகைத் திறந்தார் என்று எங்கேயாவது எழுதியிருந்தால் அழித்துவிடு. நான் அதைக் காணவில்லை.