பென் டிரைவுக்கு வைத்த சந்தனம்

அது போலிச் சரக்கு அல்ல. அதைக் கெடுத்தவன் நான்! குமரேசனிடம் இதைச் சொல்ல இன்றுவரை துணிவு வரவில்லை. ஆகவே உங்களிடம் சொல்கிறேன்...

நானும் குமரேசனும் செங்கம் சாலையில் கூட்டாகக் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திவந்தோம். அவன் மனைவி செல்வியின் தம்பி பழனி, சிங்கப்பூரிலிருந்து வந்தபோது மாமாவுக்கென்று ஆசையாக ஒரு பென் டிரைவ் வாங்கி வந்தான். அப்போது எங்கள் ஊருக்கு அது அதிசயம்!

ஆயுத பூஜை வந்தது. மானிட்டர், மவுஸ், பிரிண்டர் என ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பென் டிரைவை மட்டும் விட்டால் சாமி கோபித்துக்கொள்ளாதா? அதற்கும் தாராளமாக அப்பினேன்.

மறுநாள் அது ஃபார்மட் ஆக மறுத்தது. எழுத முடியாதபடி பூட்டியிருக்கிறதாம், திரை சொன்னது! வேறு கம்ப்யூட்டரில் செருகினேன், வைரஸ் தேடினேன், விண்டோஸையே மாற்றிப் போட்டேன். ஊஹும்! எனக்குத் தெரியாததும் உண்டா என்ற திமிரில் தீர்ப்புச் சொன்னேன்.

"டூப்ளிகேட்டுடா இது. உன் மச்சான் உன்னை நல்லா ஏமாத்திட்டான்."

குமரேசன் கொதித்துப்போய்ப் பழனிக்கு போன் போட்டான். "ஜாஸ்தி வெலை குடுத்துதான் வாங்கினேன் மாமா" என்று அவன் கெஞ்சியது எனக்கும் கேட்டது. வார்த்தை தடித்தது. பேச்சுவார்த்தை நின்றது.

சில நாள் கழித்து அதைத் துடைக்கும்போதுதான் கண்டேன். பக்கவாட்டில் ஒரு குட்டிப் பூட்டு விசை! நான் அப்பிய அப்பில் அது நகர்ந்து, காய்ந்த சந்தனத்தில் இறுகிக் கிடந்தது. ஊக்கால் சுரண்டித் தள்ளினேன். உடனே ஃபார்மட் ஆனது. விழுந்து விழுந்து சிரித்தேன்... சிரித்து முடித்ததும் பழனியின் நினைவு வந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம் அல்லவா? சொன்னேனா நான்! "ஸ்பெஷல் சாப்ட்வேர் போட்டு சரி பண்ணிட்டேன்" என்றேன். "பெரிய ஆளுடா நீ!" என்று குமரேசன் டீ வாங்கித் தந்தான். வெட்கமில்லாமல் குடித்தேன்.

பிறகு அவன் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்தவேண்டும். செல்வி எவ்வளவோ கெஞ்சியும் குமரேசன் பழனியை அழைக்கவில்லை.

"நீ உக்காருடா. நீதான் என் பையனுக்கு மாமன்."

உட்கார்ந்தேன்! ஆசாரி குத்தியதும் பிள்ளை வீறிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். செல்வி மட்டும் பிள்ளையைப் பார்க்கவில்லை. நான் உட்கார்ந்திருந்த இடத்தையே பார்த்து அழுதாள்.

பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். தெருவில் என்னைக் கண்டால் போதும், "மாமா!" என்று கத்திக்கொண்டு ஓடிவருகிறான். நானும் வாயெல்லாம் பல்லாக அவனைத் தூக்கிக்கொள்கிறேன்...