வீடியோவில் தெரியாத முழங்கால்

ஆண்டுதோறும் மாசியில் நார்த்தாமலைப் பாறையேறி விஜயாலய சோழீச்சரம் போய்வருவதை நாட்குறிப்பில் விடாமல் எழுதிவருகிறேன். போன ஐப்பசியில் இடது முழங்கால் மடங்க மறுத்தபோது, இந்த மாசியில் அந்த வரியை எழுத முடியுமா என்பதே என் முதல் கவலை.

எலும்பு தேயவில்லை, தொடைத் தசைதான் வலுவிழந்திருக்கிறது என்றார் மருத்துவர். மகள், திருச்சியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்ணை ஏற்பாடு செய்தாள். செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணிக்கு வீடியோ அழைப்பு. முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, கீழே அழுத்தியபடி பத்து எண்ண வேண்டும். தொடை இறுகுகிறதா என்று கேட்பார், இறுகுகிறது என்பேன். எத்தனை முறை செய்தேன் என்று தேதிவாரியாகக் குறித்தேன். ஆறு வாரமாகியும் வலி குறையவில்லை.

மார்கழியில் அந்தப் பெண் எங்கள் ஊரான புதுக்கோட்டைக்கு வந்தபோது, மனைவியோடு நேரில் போனேன். வேட்டியை மேலே ஏற்றச் சொல்லி, அதே பயிற்சியைச் செய்யச் சொன்னார். முழங்காலுக்கு மேல் இரண்டு விரலை வைத்துப் பார்த்தார்.

“ஐயா, நீங்க குதிகாலாலதான் அழுத்துறீங்க. தொடை சும்மா கெடக்கு. வீடியோவுல எனக்கு வேட்டி மட்டுந்தாங்க தெரிஞ்சுச்சு. ஏத்திக்கட்டச் சொன்னா, சரின்னுட்டு மறுபடி எறக்கிவிட்ருவீங்க.”

வீட்டில் எப்போதும் வேட்டியை மடித்துக் கட்டியிருப்பவன்தான் நான். போனில் அவர் முகம் வந்ததும் கை தானாக மடிப்பை அவிழ்த்துவிடும். மதிப்புக்குரியவர் முன்னால் மடித்துக் கட்டி நின்று பழக்கமில்லை.

“முட்டிய மூடி வச்சுக்கிட்டு முட்டிக்கு வைத்தியம் பாத்தவரு இவரு ஒருத்தருதான்” என்றாள் மனைவி.

அவர் என் விரலையே எடுத்து அந்தத் தசைமேல் வைத்தார். குதிகாலைத் தளர்த்தி அழுத்தினேன். விரலுக்கடியில் அது முதல்முறையாக இறுகியது. அதன்பின் வீடியோவுக்கு அரைக்கால்சட்டைதான்.

மாசியில் மலையேறிவிட்டேன். இறங்கும் சரிவில்தான் வலி பிடித்துக்கொண்டது. பாறையில் நின்றபடியே வீடியோவில் அவரை அழைத்து, போனைக் கூட வந்த மனைவியிடம் கொடுத்தேன். வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி நாலடி நடந்துகாட்டினேன்.

“பாதத்த வெளிப்பக்கமாத் திருப்பி வைக்கிறீங்க. நேர்ல பாத்தப்ப சமதரை, அதான் இது தெரியலைங்க. நேரா வச்சு, சின்னச் சின்ன அடியா வாங்க.”

அப்படியே இறங்கினேன். அன்றைய நாட்குறிப்பில் மலைக்குப் போய்வந்ததை எழுதிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டியிருந்ததையும் சேர்த்து எழுதினேன்.