கிணற்றில் பினாயில் வாடை

வாளி பாதிக் கிணறு ஏறும்போதே அந்த நாற்றம் முகத்தில் அடிக்கும். அழுகிய முட்டையும் ஊறிப்போன சாக்கும் கலந்தாற்போன்ற அதற்கு எங்கள் தெருவில் "கப்பு" என்று பெயர், பல் துலக்கி முடித்த பிறகும் நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கிழக்குத் தாம்பரத்தில் வயல்கள் மனைகளாகி, மனைகள் "ஃப்ளாட்ஸ்" ஆகிக்கொண்டிருந்த இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. எங்களுடையது பழைய ஊர்க் குடும்பம். பயிர் வைப்பதை விட்டுவிட்டு நிலம் விற்கக் கற்றுக்கொண்ட அப்பா, வீட்டுக்குப் பின்னாலிருந்த தோட்டத்தையும் ஒரு பில்டருக்கு விற்றிருந்தார். மதில் சுவரை ஒட்டி மூன்று மாடிக் கட்டடம் எழும்பி நின்றது.

நான் ஏழாம் வகுப்பு. "தண்ணி ஏன் நாறுது?" என்று நான் கேட்காத ஆள் இல்லை. அம்மா, எலி விழுந்திருக்கும் என்றார். எதிர்வீட்டு அக்கா, மழை இல்லாததால் என்றார். மழை வந்ததும் மழையால் என்றார். அப்பா மட்டும், "தண்ணின்னா கொஞ்சம் கப்பு இருக்கத்தான் செய்யும். இன்னாத்துக்கு சும்மா நோண்டிக்கினு கீறே?" என்று எரிந்து விழுவார். துணியில் வடிகட்டி, காய்ச்சி, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தோம். விளையாடிவிட்டு ஓடிவரும் தம்பிதான் காய்ச்சும்வரை காத்திருக்க மாட்டான். வாளியிலேயே வாய் வைத்துவிடுவான்.

ஒருநாள் அவன் கண் மஞ்சளாகிவிட்டது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தும் நிற்காமல், குடித்த கஞ்சியையெல்லாம் வாந்தியெடுத்துத் துவண்டவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தண்ணீரால் வந்த காமாலை என்றார் டாக்டர். அதற்குப் பிறகும் வீட்டில் எலியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஃப்ளாட்ஸில் தரைத்தளத்தில் குடியிருந்தவள் என் வகுப்புத் தோழி ஹேமா. நான் அழுததைப் பார்த்துவிட்டு, "ஏன்னு கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்கடி. எப்ப ஜாஸ்தியா நாறுதுன்னு பாக்கலாம். யார் வீட்டுக் கிணறு நாறலைன்னும் பாக்கலாம்" என்றாள்.

டம்ளரும் கையுமாகத் தெருவில் இறங்கி, வீடு வீடாகத் தண்ணீர் வாங்கி மோந்து பார்த்தோம். குமட்டிக்கொண்டு வந்தாலும் விடவில்லை. சாலைப் பக்கத்துக் கிணறுகளில் ஒன்றுமில்லை. ஃப்ளாட்ஸ் மதிலை ஒட்டிய கிணறுகள்தான் நாறின. சனிக்கிழமைகளில் எங்கள் கிணற்று நாற்றத்துக்கு அடியில் வேறொரு வாடையும் இருந்தது. பினாயில்! எங்கள் வீட்டில் பினாயில் வாங்குகிற வழக்கமே இல்லை.

ஹேமா டம்ளரை வெகுநேரம் மூக்கருகே வைத்திருந்தாள். "எங்க ஃப்ளாட்ஸ்ல வெள்ளிக்கிழமைதான்டி எல்லாரும் பாத்ரூம், கக்கூஸுக்கெல்லாம் பினாயில் ஊத்திக் கழுவுவாங்க" என்றாள். ஒரு வாய்கூடக் குடிக்காதவள், திரும்பித் துப்பினாள். நான் துணி துவைக்கும் கல்லருகே உட்கார்ந்து வாந்தியெடுத்தேன். இத்தனை நாள் எதைக் குடித்திருக்கிறோம் என்பது வயிற்றுக்கு முதலில் புரிந்துவிட்டது.

மத்தியானம் அப்பா சாப்பிடும்போது கேட்டேன். "நம்ம வீட்ல பினாயிலே கிடையாது. சனிக்கிழமையானா நம்ம கிணத்துல அந்த வாடை எப்படிப்பா வருது?"

அதற்கு எலியைச் சொல்ல முடியாது, மழையைச் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி எடுத்துப்போக வந்திருந்த அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அவங்க செப்டிக் டேங்குக்கு அடியில தரை போடல. வெறும் சிமெண்ட் உறைதான் எறக்கினாங்க. மண்ணு இழுத்துக்கும்னு பில்டர் சொன்னான்" என்றார் அப்பா.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார் அம்மா.

"நம்ம சுவர் ஓரமா எறக்கிக்கிறேன்னு கேட்டான். சரின்னேன்."

அப்பா எழுந்துபோய் அந்தக் கிணற்றுத் தண்ணீரிலேயே கை கழுவினார். பெற்ற பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கையில், காரணம் தெரிந்திருந்தும் எலிக்கதைக்குத் தலையாட்டிய அந்த மனிதரைப் பார்க்க எனக்குக் கிணற்றைவிட அருவருப்பாக இருந்தது.

மதிலுக்கு இப்பாலும் அப்பாலும் நின்று பெரியவர்கள் கத்திக்கொண்டார்கள். பில்டர் போன் எடுக்கவில்லை. ஹேமாவின் அம்மா, "எங்க வீட்டு மலத்தை மோந்து பாக்கத்தான் உன்னை ஸ்கூலுக்கு அனுப்பறோமா?" என்று மகளை அடித்து, எங்கள் வீட்டுக்கு வரக்கூடாது என்றுவிட்டார். தொட்டியை யாரும் சரிசெய்யவில்லை. அப்பா கிணற்றுக்குக் கான்கிரீட் பலகை போட்டு மூடி, கேன் தண்ணீருக்குச் சொல்லிவிட்டார். தம்பி பிழைத்து வந்தான். ஆனால் வெகுகாலம், எந்த டம்ளரைக் கொடுத்தாலும் மோந்து பார்க்காமல் குடிக்க மாட்டான்.

இப்போது அந்தத் தெருவில் ஒரு கிணறும் இல்லை. மூடிய பலகைகளின்மேல் கார்கள் நிற்கின்றன. காலையில் கேன்கள் வாசலில் வந்து இறங்குகின்றன. ஃப்ளாட்ஸ்கள் பெருகிவிட்டன, அவற்றின் தொட்டிகளுக்கு அடி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. மண்ணுக்குக் கீழே அந்தக் கழிவு எந்தப் பக்கமாக ஊர்ந்துகொண்டிருக்கிறதோ, எட்டிப் பார்த்து மோந்துபார்க்க ஒரு கிணற்றின் வாய்கூட அங்கே மிச்சமில்லை.