ஓட்டாத வண்டிக்கு மூணு குத்தம்

எங்க வீட்டுக்காரரு சகாயராஜ் பதினாலு வருசமா வேன் ஓட்டுனவரு. ஒரு கோழிக்குஞ்சு மேலகூட வண்டிய ஏத்துனதில்ல. சித்தையன்கோட்டைக் காய்கறிய ஏத்திக்கிட்டு திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போறப்ப, ஒரு பள்ளத்தைக் கண்டா கைப்பிள்ளைக்காரி நடக்குற மாதிரி அலுங்காம விடுவாரு. "ஏலே, தக்காளிக்கு வலிக்கும்னு பாக்குறியா?"ன்னு செம்பட்டி ஸ்டாண்டுல அம்புட்டுப் பேரும் கேலி பண்ணுவாக.

ஆனா மனுசன் ஊருக்கு இளிச்சவாயன். யாரு வந்து கெஞ்சுனாலும் "முடியாது"ன்னு சொல்ல வாய் வராது. அப்ப எங்க ஸ்டாண்டுல ஒரு வழக்கம் இருந்துச்சு. லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டி மாட்டிக்கிட்டா, லைசென்ஸ் உள்ளவன் ஒருத்தன் கோர்ட்டுல போய் நின்னு "நான்தான் ஓட்டுனேன்"னு ஒத்துக்கிடுவான். அபராதத்தை வண்டிக்காரன் கட்டிருவான். ஒரு டீயும் வடையும் வாங்கிக் குடுப்பான், சோலி முடிஞ்சுது. கேஸ் ஏத்துக்கிறதுன்னு இதுக்குப் பேரு.

இவரு அப்படி ரெண்டு ஏத்துக்கிட்டாரு. வேன் முதலாளி சோலைமலையோட மச்சான் சரக்கு வண்டியில ஆளுகள அடைச்சுக்கிட்டுப் போனது ஒண்ணு. ஸ்டாண்டுப் பய ஒருத்தன் கொடைரோட்டுல கண்ணுமண்ணு தெரியாமப் போனது ஒண்ணு. மூணாவது நான் கேட்டது. என் தம்பி இருதயராஜ், லைசென்ஸ் எடுக்கத் துப்பில்லாத பய, சின்னாளப்பட்டிகிட்ட சைக்கிள்ல வந்த நெசவுக்காரர் ஒருத்தரை வண்டியால இடிச்சு அவரு காலை ஒடிச்சுப்புட்டான். "அவனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கோம், நீங்க ஏத்துக்கிடுங்க"ன்னு நான்தான் அழுதேன். இவரு சட்டைய மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாரு.

தொண்ணூத்தொம்பதுல அரசு பஸ் டிரைவர் வேலைக்கு இவருக்கு இன்டர்வியூ கார்டு வந்துச்சு. அடுத்த திங்கக்கிழமை பஸ்ஸை ஓட்டிக் காட்டணும். வயசு வரம்புக்கு இதுதான் கடைசித் தடவை. நான் காக்கித் துணிகூட எடுத்து வச்சுட்டேன், அம்புட்டு ஆசை.

அந்த வாரமே ஆர்.டி.ஓ. ஆபீஸுல இருந்து ரிஜிஸ்டர் தபால். லைசென்ஸை ஏன் நிறுத்தி வைக்கக் கூடாதுன்னு நேர்ல வந்து சொல்லணுமாம். எனக்கு வந்த ஆங்காரத்துக்கு அளவில்ல. "எந்த மடப்பய எழுதுனான், நானும் வாரேன்"னு கூடவே போனேன்.

அந்த அதிகாரி சத்தமே போடல. லைசென்ஸ் புஸ்தகத்தைப் பின்பக்கம் திருப்பிக் காட்டுனாரு. மூணு முத்திரை, மூணு கையெழுத்து. பணம் கட்டுனதுக்கு அடையாளம்னுல்ல இத்தனை நாளும் நாங்க நினைச்சுக்கிட்டு இருந்தோம்!

"அபராதம் கட்டுனா கேஸ்தான்மா முடியும், குத்தம் முடியாது"ன்னாரு. "கோர்ட்டு அதை இதுல எழுதிரும். ஒண்ணுன்னா கண்டிச்சு விட்டுரலாம். மேல மேல சேந்தா, இந்த ஆளு ரோட்டுக்கு ஆபத்துன்னு அர்த்தம். கடைசிக் கேஸ்ல ஒருத்தருக்குக் காலே ஒடிஞ்சிருக்கு. ஆறு மாசம் இவரு வண்டியத் தொடக் கூடாது."

மாதாவே! ரோட்டுக்கு ஆபத்தா? இவரா? திங்கக்கிழமைக்கு நாலு நாளுதான் கிடக்கு.

"ஐயா, இதுல ஒண்ணுகூட இவரு ஓட்டலய்யா!"ன்னு கத்திட்டேன். ஆபீஸே திரும்பிப் பாத்துச்சு.

அதிகாரி ஒரு பேப்பரையும் பேனாவையும் என் பக்கம் தள்ளுனாரு. "அப்ப யாரு ஓட்டுனா? பேரை எழுதிக் குடும்மா, போலீஸுக்கு அனுப்புறேன். ஓட்டுனவன் மேல கேஸ் வரும். கோர்ட்டுல பொய் சொன்னதுக்கு இவரு மேலயும் வரும்."

பேனாவை எடுத்துட்டேன். முந்தின ஞாயித்துக்கிழமைதான் சர்ச்சுப் பூசையில தம்பிக்குக் கல்யாணம்னு ஊரறிய ஓலை வாசிச்சிருந்தாக. "இ"ங்கிற எழுத்துக்கு மேல பேனா ஓடல.

இவரு என் கையில இருந்த பேனாவை மெதுவா வாங்கி மேசை மேல வச்சாரு. அந்த ஒத்தை எழுத்தை உள்ளங்கையால மறைச்சுக்கிட்டாரு.

"அவ பதட்டத்துல உளறுறா சார். மூணும் நான்தான் ஓட்டுனேன்."

அதிகாரி என்னையப் பாத்தாரு. "என்னம்மா, நிசமா?"

பாவி நான், தலைய ஆட்டுனேன். "ஆமா சார், அவருதான் ஓட்டுனாரு"ன்னு என் வாயாலயே சொன்னேன்.