மஞ்சள் சட்டையின் அளவு

வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்த அம்மா அனுப்பிய பெட்டியில் சவர்க்காரம், பால்மா, படுக்கை விரிப்பு என்று பலதும் இருந்தன. எனக்கு நினைவில் நிற்பது விரிப்புகளுக்கு நடுவே வழவழப்பாகக் கிடந்த ஒரு பழைய சஞ்சிகைதான். வீட்டுக்காரி பார்த்துவிட்டு எறிந்ததாம். எங்களில் யாருக்கும் தெரியாத மொழி. பக்கத்துக்குப் பக்கம் வெள்ளைக்காரப் பெண்கள், காற்றில் பறக்கும் சட்டைகளோடு, அவசரமாகப் போகவேண்டிய இடம் ஒன்றுமே இல்லாதவர்களாக நின்றார்கள். நடுவில் ஒரு பெரிய தாள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. விரித்தால் முன்னறை நிறைந்துவிடும்.

அந்தத் தாள் முழுக்கக் கோடுகள். சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு என்று ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு ஓடின. அதன்மேல் குப்புறப் படுத்து, ஒரு கோட்டை விரலால் பிடித்துக்கொண்டே போவேன். அது வளைந்து, இன்னொன்றுக்குள் மறைந்து, எங்கேயோ போய் வெளியே வரும். வாசலுக்கு வெளியே பனிச்சங்கேணி வாவி வெயிலில் அசையாமல் கிடக்கும். சில மத்தியானங்களில் நான் தாளின்மேல் கிடக்கிறேனா, தண்ணீரின்மேல் கிடக்கிறேனா என்றே தெரியாது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. சித்திரை வருடப்பிறப்புக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

கோடுகள் எல்லாம் சட்டை வெட்டுவதற்கானவை என்பதை நானேதான் கண்டுபிடித்தேன். படத்தில் ஒரு சட்டைக்குக் கீழே இருந்த இலக்கம், தாளில் ஒரு சிவப்புக் கோட்டின் அருகிலும் இருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தச் சட்டையை நானே அம்மாவுக்குத் தைத்துவைப்பேன், வருடப்பிறப்பன்று அம்மா அதைப் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்தபடி ஊருக்குள் போவார் என்று வகுப்பில் எல்லோருக்கும் சொல்லியும்விட்டேன். மூன்று வருடமாக அம்மா எனக்கு வெள்ளிக்கிழமைத் தொலைபேசியில் வரும் ஒரு குரலாக மட்டுமே இருந்தார். எனக்கும் ஓர் அம்மா இருக்கிறார் என்று ஊர் பார்க்கவேண்டும். அதுதான் என் ஆசை.

அம்மாவின் கைத் தையல் மெசின் அலமாரிக்கு மேலே துணி மூடிக் கிடந்தது. அப்பா இறக்கி எண்ணெய் விட்டுத் தந்தார். அவர் வாவியில் இறால் பிடிப்பவர், தையல் ஒன்றும் தெரியாது. ஆனால் நான் கோட்டைத் தவறவிட்டு முழித்தபோது பக்கத்தில் வந்து குந்தினார்.

“நிறத்தப் பிடிச்சா விடாத புள்ள. ஆத்துக்க எத்தின பேர் வலை போடுறம், எண்ட கயிறு எதெண்டு எனக்குத் தெரியாதா?”

வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். அப்பா விரலால் காட்டிய வழியே நான் குண்டூசியால் குத்திக்கொண்டு போய், அடியில் வைத்த பழைய பேப்பரில் அச்செடுத்தேன். முதலில் ஒரு கிழிந்த விரிப்பில் எனக்கே ஒன்று வெட்டிப் பார்த்தேன். அது தலைக்குக் கீழே இறங்க மறுத்துவிட்டது. தையலுக்கென்று அந்தக் கோடுகளில் துணி விட்டிருக்கவில்லை, நாமாகத்தான் விடவேண்டும். சஞ்சிகையில் எங்கோ அதையும் எழுதித்தான் இருப்பார்கள்.

அடுத்த வளவில் இருந்த மாமி, அப்பாவின் அக்கா, படத்தைப் பார்த்து வாயில் கை வைத்தார். கையில்லாத சட்டை, முழங்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. “இதப் போட்டுக்கு உங்கம்மா வெளிக்கிட்டா, வருசத்துக்கு ஊருக்கு வேற பலகாரம் தேவையில்ல” என்றார். அதனால் கையை இன்னோர் இலக்கத்திலிருந்து எடுத்தேன். நீளத்தைக் கணுக்கால் வரைக்கும் இறக்கினேன். வெள்ளைக்காரி மெல்ல மெல்ல எங்கள் ஊர்க்காரி ஆனாள்.

ஆனால் சிவப்புக் கோடு ஒன்றல்ல. அருகருகே ஐந்து ஓடின, ஐந்து அளவுகளுக்கு. அம்மா எது? அளந்து பார்க்க நல்ல உடுப்பு ஒன்றும் வீட்டில் இல்லை, எல்லாம் அவரோடு போயிருந்தன. வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பாவிடம் போய், “அம்மா எவ்வளவு பெருப்பம்?” என்று கேட்டேன்.

அப்பா ஊசியைக் கீழே வைத்தார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி வளையமாகச் சேர்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். வளையம் கொஞ்சம் அகன்றது, கொஞ்சம் ஒடுங்கியது, பிறகு அப்படியே நின்றது. “இந்த வட்டத்தச் சுத்திக் கயிறப் பிடி” என்றார். வலை பொத்தும் நைலோன் கயிற்றில் ஒரு துண்டைப் பிடித்து, வளையம் முடிந்த இடத்தில் முடிச்சுப் போட்டோம். அது நெஞ்சு. பிறகு இடுப்பு, பிறகு இடுப்புக்குக் கீழே. உயரத்துக்குத் தன் நாடியைத் தொட்டுக் காட்டினார். “அவட உச்சி இதில வரும்.”

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மாமி குலுங்கிச் சிரித்தார். “மூணு வருசமாகியும் தம்பிக்கு அளவு மறக்கல்ல!” அப்பா முகம் சிவந்து, வலையை அப்படியே போட்டுவிட்டுத் தோணிப் பக்கம் போய்விட்டார். அளவு பிழை என்றுதான் மாமி சிரிக்கிறார் என்று நான் கவலைப்பட்டேன்.

அந்த வருடப்பிறப்புக்குப் பஞ்சாங்கம் மஞ்சள் நிற உடுப்பைச் சொல்லியிருந்தது. அப்பா ஓட்டமாவடிக்குப் போய், பூசணிப்பூ மஞ்சளில் துணி வாங்கிவந்தார். வெட்டமுதல் ஒருதரம் தண்ணீரில் போட்டு எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் சுருங்கும் என்று கடைக்கார நானா சொல்லியனுப்பியிருந்தார். எனக்கு எங்கே பொறுமை? அப்படியே வெட்டினேன். ஒருமுறை பட்டது போதும் என்று தையலுக்கு இரண்டு விரல் அளவு தாராளமாக விட்டேன். கயிற்றை வைத்து வைத்துப் பார்த்து, பத்து நாளில் தைத்து முடித்தேன். வெள்ளிக்கிழமை அம்மா தொலைபேசி எடுத்தபோது வழக்கம்போல “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டேன். “ஓம் மகள், இஞ்ச சாப்பாட்டுக்கு என்ன குறை” என்று வழக்கம்போலவே சொன்னார்.

வருடப்பிறப்புக்கு இரண்டு நாள் முன்னம் அம்மா வந்தார். ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தபோது என் கைகள் சுற்றிவந்து ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. முன்பெல்லாம் எட்டாது. நான் வளர்ந்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

வருடப்பிறப்பு அன்று காலை மருத்துநீர் வைத்து முழுகிவிட்டு அம்மா சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். தோள் இரண்டும் கீழே விழுந்து கிடந்தன. இடுப்பில் இன்னோர் ஆள் நுழையலாம். கழுத்தெலும்புக்குக் கீழே மஞ்சள் துணி காற்று வாங்கிக்கொண்டு தொங்கியது. அம்மா இரு பக்கமும் பிடித்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தார். நான் ஓவென்று அழுதேன். பலகாரத் தட்டோடு உள்ளே வந்த மாமி நின்ற இடத்திலேயே நின்றார்.

“என்ன கா இது கோலம்? உனக்கு அங்க அவங்க…”

“புள்ள தையலுக்குக் கூட விட்டிரிக்கு மச்சாள்” என்று அம்மா இடைமறித்தார். “வேற ஒண்டுமில்ல.”

பழி முழுதும் என்மேல் விழுவதை என்னால் தாங்க முடியவில்லை. அப்பாவிடம் திரும்பி, “நீங்க போட்ட முடிச்சுத்தான் பிழை!” என்று கத்தினேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டு, “ஓம் மகள், எண்ட பிழைதான்” என்றார். பிறகு வெளியே போனார். நல்ல நாளும் அதுவுமாக அப்பாவைக் கோபப்படுத்திவிட்டேன் என்று எனக்கு இன்னும் அழுகை கூடியது.

நான் கத்தரிக்கோலை எடுத்தேன். அம்மா கையைப் பிடித்தார். “வெட்டிப்போடாத. உள்ளுக்க கிடக்கட்டும்.” மெசினுக்கு முன்னால் உட்கார்ந்து, இரு பக்கமும் மும்மூன்று வரி தைத்தார், ஒன்றுக்குள் ஒன்றாக. மிஞ்சிய துணியெல்லாம் உள்ளே மடிந்து ஒளிந்துகொண்டது. அன்று பின்னேரம் அந்தச் சட்டையோடு என் கையைப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் வந்தார். எல்லோரும் பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது என் தையலைத்தான் என்று நினைத்துத் தலைநிமிர்ந்து நடந்தேன்.

அதற்குப் பிறகு அப்பா பிடித்த இறாலில் நல்லதை வியாபாரியின் கூடைக்கு அனுப்பாமல் வீட்டுக்குக் கொண்டுவரத் தொடங்கினார். மத்தியானங்களில் அம்மா நீண்டநேரம் தூங்கினார். மழைக்கு முன்னால் ஒரு நாள் சட்டை இறுக்குகிறது என்று முதல் வரியைப் பிரித்தார். தைப்பொங்கலுக்கு இரண்டாவது வரி. எனக்குக் காரணம் உடனே புரிந்துவிட்டது. துணியை நனைக்காமல் வெட்டியதால், துவைக்கத் துவைக்கச் சட்டை சுருங்குகிறது. இதை அம்மாவிடம் சொன்னபோது, “ஓம் மகள், சுருங்குதுதான்” என்றார்.

அடுத்த வருடப்பிறப்புக்கு மூன்றாவது வரியையும் பிரித்தோம். மீதம் இருந்தது நான் முதலில் தைத்த தையல் மட்டும். தோள் தோளில் நின்றது, இடுப்பு இடுப்பில் நின்றது. அலமாரியில் கிடந்த நைலோன் கயிற்றை எடுத்து அம்மாவைச் சுற்றிப் பிடித்தேன். நுனி வந்து நெஞ்சுக்கான முடிச்சைச் சரியாகத் தொட்டது. “அப்பா, நீங்க போட்ட முடிச்சுச் சரிதான்!” என்று கூப்பிட்டேன். வாசலில் நின்ற அப்பா உள்ளே வந்து, கயிற்றை என்னிடமிருந்து வாங்கி, நெடுநேரம் கையில் வைத்திருந்தார்.

என் தையல் கொப்பியை எடுத்து, துணியை வெட்டமுதல் கட்டாயம் நனைக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒரு வருடத்துக்குச் சுருங்கும் என்று எழுதிவைத்தேன். அடியில் கோடும் போட்டேன். கயிறு ஒரு நாளும் தண்ணீரில் படவில்லை என்பது எனக்கு அன்று தோன்றவில்லை.