தவமண்ணை ஏன் பக்கத்தாலை பாத்தவர்

பாரிஸ் லா ஷப்பல் மெட்ரோப் படியால இறங்கேக்கைதான் வட்ஸ்அப் குறூப்பில விழுந்தது, மேடையில பகிடி சொல்லுற எங்கட தவமண்ணை போயிட்டாராம். அவற்றை பகிடி எண்டு நினைச்சன். பிறகு மகள் நிலானி அக்காவே எழுதினா: "ஓம், அப்பாதான்."

லண்டன், ரொறன்ரோ எண்டு எங்கட சனம் இருக்கிற இடமெல்லாம் அவற்றை பகிடி வீடியோ ஓடும். பகிடியின்ரை கடைசி வரியைச் சொல்ல முதல் மேடையின்ரை பக்கவாட்டை ஒருக்கால் கண்ணாலை பாப்பார். ரசிகர் நாங்கள் அதை வெட்டி ஸ்டிக்கராக்கினம். ஸ்டைல் எண்டு நினைச்சம்.

ரூ பஜோல் கோயிலடித் தேத்தண்ணிக் கடையில ஒருநாள் கேட்டன், உந்தப் பக்கப் பார்வையை எங்கை பிடிச்சனீங்கள் எண்டு. அவற்றை அம்மா பூமணி ஊர்க் கோயில் திருவிழாக்களில சின்னமேளம் எண்ட சதிராட்டம் ஆடினவ. அப்பா செல்லையா அதே ஆட்டக் கூட்டத்தில பபூன். அம்மா உள்ளை சீலை மாத்தி, சலங்கை கட்டி வருமட்டும் சனம் எழும்பிப் போகாமல் சிரிக்க வைக்கிறதுதான் அவற்றை வேலை. பக்கத்தைப் பாத்துப் பாத்துப் பகிடியை இழுப்பாராம், குறுக்குவாராம்.

"அம்மா தலையாட்டினாத்தானடா அப்பான்ரை பகிடி முடியும். அதைப் பாத்துத்தான் நான் தொழில் பழகினனான்."

இப்பவே வீடியோ போடப்போறன் எண்டன். பொறு எண்டார். நிலானி அக்காவுக்கு அப்பதான் கலியாணம் பேச்சு. சின்னமேளக்காரி எண்டா நடத்தை கெட்டவள் எண்டு எங்கட சனம் கதைக்கிறதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மாப்பிள்ளையின்ரை மாமா ஒருத்தர் எப்பிடியோ மோந்து பிடிச்சு, "ஆட்டக்காரியின்ரை பேத்தியாமே" எண்டு கதை விட்டிட்டார். எதையும் பகிடியாக்கிற மனுசன், இதை மட்டும் மகளுக்காக விழுங்கிக்கொண்டு திரிஞ்சார்.

பிறகு பொபினி மண்டபத்தில ஷோ. முன்வரிசையில மாப்பிள்ளை வீட்டார், அந்த மாமாவும்தான். நான் மேடைப் பக்கத்தில போனில வீடியோ எடுக்க நிண்டனான். அண்ணை மேடையேற முதல் அக்கா வந்தா. தகப்பனோடை எப்பவும் பிரெஞ்சில கதைக்கிறவ, அண்டைக்குத் தமிழில சொன்னா.

"அப்பா, இண்டைக்கு அப்பம்மாவைப் பற்றிச் சொல்லுங்கோ. அவவை ஒளிச்சு வைச்சு எனக்கொரு கலியாணம் வேண்டாம்."

அண்ணை மேடையில சொன்னார். அம்மான்ரை பேர், அப்பான்ரை பேர், ஆடின கோயில் எல்லாம்.

"என்ரை அம்மா ஆடேக்கை முன்வரிசையில இருந்து பாத்தது சாமி."

நிப்பாட்டினார். பக்கத்தைப் பாத்தார். இவ்வளவு காலமும் அந்தப் பக்கத்தில தலையாட்ட ஆரும் நிண்டதில்லை. அண்டைக்கு அக்கா நிண்டா. தலையாட்டினா.

"இஞ்சை முன்வரிசையில இருக்கிற நீங்கள் என்ன, சாமியிலும் பெரிய குடும்பமோ?"

முதல் சிரிச்சது மாப்பிள்ளைதான். எழும்பி நிண்டு கை தட்டினார். பிறகு முழு மண்டபமும் எழும்பிச்சுது. மாமா போனைத் தடவிக்கொண்டிருந்தார். அக்காவின்ரை கலியாணத்தில ரெண்டாந்தரம் சோறு வாங்கினதும் அவர்தான்.

நேற்று எங்கட ரசிகர் பக்கத்தில அண்ணையின்ரை படத்துக்குக் கீழை கிடந்த 'நகைச்சுவை மன்னன்' மாதிரிப் பட்டம் எல்லாத்தையும் எடுத்திட்டன். 'சின்னமேளம் பூமணி, பபூன் செல்லையா பெத்த பிள்ளை' எண்டு பெரிசாப் போட்டிருக்கிறன். ஆரும் வந்து நக்கலடிச்சா அழிக்கமாட்டன். பதிலுக்கு அண்ணையின்ரை அந்த ஒரு வரி என்னட்டை இருக்கு.